நாலு சக்கரமும் இழுக்குமா?

எங்கள் அப்பா நாகர்கோவிலிலிருந்து வந்து, சாலைக் கம்போளத்தில் மலைச்சரக்குக் கடை வைத்தவர். திவான் ராஜா கேசவதாசர் 18-ஆம் நூற்றாண்டில் அமைத்த இக்கடைத்தெருவுக்கு அன்று சரக்கு வந்தது மாட்டுவண்டியில். மாட்டுவண்டியில் சக்கரங்கள் தனித்தனியே சுழலும். கழன்றுவிடாமல் கடையாணி காக்கும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் கூடுதலாக ஓடினாலும் தொல்லையில்லை. ஏனென்றால் மாடு இழுப்பது வண்டியை, சக்கரத்தை அல்ல.

மோட்டார் வண்டியிலோ எஞ்சின் சக்கரத்தையே திருப்ப வேண்டும். நம்ம பொன்முடிப் பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். பின்சக்கரங்களுக்கிடையே 1.4 மீட்டர் என்று கொண்டால், அரைவட்டமாகத் திரும்பும் வளைவு ஒவ்வொன்றிலும் வெளிச்சக்கரம் சுமார் 4.4 மீட்டர் அதிகம் ஓடும். இரண்டையும் ஒரே தண்டில் பூட்டினால் டயர் தேயும், தண்டு முறுகும்.

இதைத் தீர்ப்பதுதான் பின் ஆக்சிலின் நடுவே பூசணிக்காய் போலத் துருத்தி நிற்கும் டிஃபரன்ஷியல். எஞ்சினிலிருந்து வரும் தண்டின் நுனியிலுள்ள பினியன், கிரவுன் வீலைச் சுழற்றும். அதோடு சேர்ந்து சுழலும் கூட்டுக்குள் சிறு பல்சக்கரங்கள் இருபக்க ஆக்சில்களோடும் கோத்திருக்கும். நேரே போகையில் அவை கூட்டோடு சும்மா போகும். திரும்புகையில் தாமும் உருண்டு, ஒருபக்கம் குறைந்த வேகத்தை மறுபக்கம் கூட்டிக் கொடுக்கும்.

ஆனால் அது இருபக்கமும் சமமான விசையே தரும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், கெட்டித்தரையிலுள்ள சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான்.

ஓர் இடவப்பாதி மழையில், மிளகு மூட்டைகளோடு எங்கள் ஜீப் மலையடிவாரச் சேற்றில் சிக்கியது. ஃபோர் வீல் போட்டும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மட்டும் சுற்றின. மற்ற இரண்டும் அசையவில்லை. அப்பா ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தார்.

"மிதிக்காதீங்க அண்ணாச்சி, உள்ளே பல்லு போயிரும்" என்றார் கூட வந்த மெக்கானிக். ஒரு சக்கரம் நின்றால் மற்றது கிரவுன் வீலைப்போல இருமடங்கு வேகத்தில் சுற்றும், உள்ளே சூடேறும். பாதி மூட்டைகளை இறக்கி, சுற்றுகிற சக்கரங்களுக்கடியில் கோணிச் சாக்குகளைத் திணித்தோம். பிடி கிடைத்ததும் வண்டி ஏறிவிட்டது. இறக்கிய மிளகு நனைந்து, நஷ்டம்தான். ஆனால் ஆக்சில் பிழைத்தது.

இன்று பல வண்டிகளில் டிஃபரன்ஷியலைப் பூட்டும் 'லாக்' உண்டு. அது சேற்றுக்கு மட்டும். பழைய ஜீப் வகையில் முன்-பின் ஆக்சில்களுக்கிடையே டிஃபரன்ஷியல் கிடையாது. எனவே உலர்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போடாதீர்கள். ஊருக்குப் புறப்படுமுன் பின் ஆக்சிலில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.