டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சாட்சி

காரின் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கினால் பெரும்பாலோர் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, அங்கே சொல்லும் பாகத்தை மாற்றச் சம்மதித்துவிடுகிறார்கள். அந்த விளக்கு ஏன் எரிகிறது என்பதை வண்டியின் கணினி ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறது. சில நூறு ரூபாய் ஸ்கேனர் கருவியும் கைபேசியும் இருந்தால் வீட்டு வாசலிலேயே அதைப் படித்துவிடலாம், படிக்கவும் வேண்டும். ஆனால் கணினி குறித்து வைப்பது தான் கண்ட அறிகுறியை மட்டுமே. கெட்டுப்போன பாகத்தின் பெயரை அது எழுதுவதில்லை. அது சாட்சி சொல்கிறது, தீர்ப்பு நாம் தேடிக் காண வேண்டியது. இந்த வேறுபாடு பிடிபடாதவர் கையில் ஸ்கேனர் கிடைத்தால், தேவையில்லாத பாகத்தை அவரே வாங்கி மாட்டுவார்.

இந்த ஏற்பாடு பிறந்தது மெக்கானிக்குகளின் வசதிக்காக அல்ல, காற்றுக்காக. லாஸ் ஏஞ்சலிஸ் நகரைத் திணறடித்த புகைமூட்டத்தில் கார்ப் புகைக்குப் பெரும் பங்கு உண்டென்று 1950களில் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் விளக்கினார். பின்னாளில் அவரே கலிஃபோர்னியா காற்றுவள வாரியத்தின் முதல் தலைவரானார். புதிய கார் சுத்தமாக ஓடினால் போதாது, பழசான பிறகும் ஓட வேண்டும். அதற்குக் கார் தன்னைத் தானே கண்காணிக்க வேண்டும் என்ற எண்ணத்தில், 1988 மாடல் முதல் அந்த மாநிலம் அதைக் கட்டாயமாக்கியது. அப்போது ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு சாக்கெட், தனக்கென ஒரு குறியீடு என்று வைத்திருந்தது. 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதற்கும் ஒரே சாக்கெட், ஒரே எண் வரிசை என்றானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலும், இந்தியாவில் 2013 ஏப்ரலிலும் இதே வழிக்கு வந்தார்கள். புகைச் சட்டத்துக்காகப் பிறந்ததால்தான் இந்தத் தகவலை எந்த நிறுவனமும் பூட்டி வைக்க முடிவதில்லை. அதே காரணத்தால் அதற்கு எல்லையும் உண்டு. ஏர்பேக், ஏபிஎஸ் போன்றவற்றின் கோளாறுகளை மலிவான கருவி பெரும்பாலும் காட்டாது. ‘கோடு (பிழைக் குறியீடு) எதுவும் இல்லை’ என்று வந்தால் வண்டியில் குறையே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஓட்டுநர் பக்கம் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே, பெடல்களுக்கு மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டியரிங்கிலிருந்து ஏறக்குறைய இரண்டடிக்குள், ஸ்பேனர் இல்லாமல் கைக்கு எட்டும்படி சாக்கெட் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. உலகெங்கும் பெரும்பாலும் அங்கேதான் வைக்கிறார்கள். சில வண்டிகளில் ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சின்ன மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய வடிவம், வரிசைக்கு எட்டாக இரண்டு வரிசையில் 16 துளைகள். வடிவம் அப்படி இருப்பதால் கருவியைத் தலைகீழாகச் செருக முடியாது. சாவியை அணைத்த நிலையில் செருகி, பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பி, புளூடூத்தில் கைபேசியை இணைத்தால் கோடுகள் திரைக்கு வந்துவிடும்.

0301 என்று முடியும் கோடு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை, அதாவது மிஸ்ஃபயர் என்று பொருள். கணினி சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்கவில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 100 முறை எரிபொருள் வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க் ஷாஃப்டைச் சற்று உந்துகிறது. உந்த வேண்டிய ஒரு தருணத்தில் ஷாஃப்ட் இம்மியளவு பின்தங்குவதை, கூடவே சுற்றும் பல்சக்கரத்தைப் பார்த்து ஒரு சென்சார் உணர்கிறது. கணினிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காரணம் ஸ்பார்க் பிளக்காக இருக்கலாம், காயிலாக, இன்ஜெக்டராக, குறைந்த கம்ப்ரஷனாகவும் இருக்கலாம். முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் போட்டு, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். 0302 என்று வந்தால் காயில்தான் குற்றவாளி. 0301 என்றே மறுபடியும் வந்தால் காயில் நிரபராதி. காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் காயில் செட் முழுவதையும் மாற்றுவது வீண். 0171 என்று முடியும் கோடு இன்னும் ஏமாற்றும். கலவையில் பெட்ரோல் குறைகிறது என்று ஆக்சிஜன் சென்சார் உண்மையைச் சொல்லியிருக்கும். சொன்ன சென்சாரையே கழற்றி எறிவார்கள். கோடோடு நிற்காமல் ஓடும் எஞ்சினின் அளவீடுகளையும் பார்க்க வேண்டும். கணினி கூடுதலாகச் சேர்க்கும் பெட்ரோலின் சதவீதம் ஐடிலில் மிக அதிகமாக இருந்து, ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 சுற்றுக்கு உயர்த்தியதும் இறங்கினால், விரிசல் விட்ட வேக்யூம் குழாய் எங்கோ காற்றை உள்ளே விடுகிறது என்று சந்தேகிக்கலாம். அந்தக் குழாயின் விலை சென்சாரின் விலையில் சிறு பகுதிதான்.

அரைகுறை அறிவு ஆபத்து, இதையெல்லாம் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது என்பார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு, ஆனால் அது படிப்பதற்குப் பொருந்தாது, அழிப்பதற்குத்தான் பொருந்தும். கோடை அழித்தால் அது பதிவான நொடியில் வேகம், எஞ்சின் சூடு, சுமை எவ்வளவு என்று கணினி சேமித்த விவரமும் சேர்ந்து போய்விடும். நல்ல மெக்கானிக் முதலில் தேடுவதே அதைத்தான். ஆகவே அழிக்கும் முன் எல்லாத் திரைகளையும் படமெடுத்து வையுங்கள். விளக்கு நின்று எரியாமல் மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பொசுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் முற்றிவிட்டது. அப்போது கருவியைத் தேடாமல் வண்டியை ஓரங்கட்ட வேண்டும்.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் இதைவிட வலுவானது. 2015-இல் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்தச் சாக்கெட்டில் செருகும் காப்பீட்டுக் கருவி ஒன்றுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே ஒரு கார்வெட் காரின் வைப்பரை ஓட்டியும் பிரேக்கைப் பிடித்தும் காட்டினார்கள். புளூடூத் கருவியின் எட்டும் தூரம் குறைவு என்றாலும், பிரேக் கணினியும் பேசும் கம்பியில் முன்பின் தெரியாத கருவியை நிரந்தரமாகத் தொங்கவிடுவது சரியல்ல. 16-ஆம் துளையில் சாவியை அணைத்த பிறகும் பேட்டரி மின்சாரம் வந்துகொண்டே இருப்பதால், வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் கருவி பேட்டரியையும் வற்றவைக்கும். படித்து முடித்ததும் கழற்றிவிட வேண்டும்.