நின்றுவிடும் பந்தும் பின்தொடரும் ஸ்ட்ரைக்கரும்

மதுரையில் வைகையின் வடகரையில் இருக்கிறது செல்லூர். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு தறிச்சத்தம் கேட்ட ஊர். கபடிக்கும் பேர் பெற்றது. அங்கே ஒரு தெருவில், மாலை நேரத்தில், நாலு பேர் கேரம் ஆடிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பலகைக்கு நேர் மேலே ஒரு விளக்கு தொங்குகிறது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு தலைகள். ஆட்டம் முடியும் நேரம். ஒரு பையனுக்கு இன்னும் இரண்டே காய்கள் பாக்கி. ஒரு காய் குழிக்கு நேராக, பத்து சென்டிமீட்டர் தூரத்தில் நிற்கிறது. இதைவிட எளிதான அடி கிடைக்காது. பையன் ஸ்ட்ரைக்கரை வைத்து, முழு பலத்தோடு சுண்டுகிறான். காய் குழியில் விழுகிறது. ஆனால் அதன் பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் போய் விழுகிறது!

போட்ட காய் கணக்கில் சேராது. அது மட்டுமா? அபராதமாக இன்னொரு காயையும் எடுத்து நடுவில் வைக்க வேண்டும். கையில் இருந்த ஆட்டம் நழுவிவிட்டது. திண்ணையில் இருந்த பெரியவர் சொல்கிறார்: “ஏன்டா தம்பி இந்த அடி? மெல்லத் தட்டுனாப் போதும்ல!”

பெரியவர் சொன்னது வெறும் அனுபவ வார்த்தைதானா? அல்லது அதற்குள் ஒரு விஞ்ஞான விதி இருக்கிறதா? மாணவ நண்பர்களே, இதைத் தெரிந்துகொள்ள நாம் செல்லூரிலிருந்து சற்றுத் தூரம் போய்த் திரும்ப வேண்டும்.

மேசை மீது ஓர் உலகப் போட்டி

கேரத்தைப் போலவே குழிகளில் தள்ளி ஆடும் இன்னொரு விளையாட்டு ‘பூல்’. இதை நீளமான கோலால் பந்துகளை அடித்து ஆடுவார்கள். மேசையின் அளவு 9 அடிக்கு 4½ அடி. ஆறு குழிகள் உண்டு. உலகப் போட்டிகளில் பெயர் பெற்றது ‘ஒன்பது பந்து’ ஆட்டம். 1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகள் மேசையில் இருக்கும். கோலால் வெள்ளைப் பந்தை மட்டுமே அடிக்கலாம். அது மேசையில் உள்ளவற்றில் மிகச் சிறிய எண்ணுள்ள பந்தையே முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தை முறைப்படி குழியில் தள்ளுபவர் வென்றவர். வெள்ளைப் பந்து குழியில் விழுந்துவிட்டால் எதிராளி அதைத் தமக்கு விருப்பமான இடத்தில் வைத்து அடிக்கலாம். வல்லவர்கள் ஆடும்போது இந்த ஒரு தவறே தோல்வியாக முடிந்துவிடுவதுண்டு.

ஒன்பது பந்து ஆட்டத்தின் முதல் உலகச் சாம்பியன் போட்டி 1990-ஆம் ஆண்டு ஜெர்மனியில் உள்ள பெர்கைம் நகரில் நடந்தது. அமெரிக்க வீரர் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட் வென்றார். 1999-இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் பிலிப்பைன்ஸ் வீரர் எஃப்ரன் ரேயெஸ் வாகை சூடினார்.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு விளையாட்டு நம் தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. ‘ஸ்னூக்கர்’ என்பது அதன் பெயர். நெவில் சேம்பர்லின் என்ற ஆங்கிலப் படை அதிகாரி 1875-இல் ஜபல்பூரில் இதை ஆடத் தொடங்கினார். (பிற்காலத்தில் இங்கிலாந்துப் பிரதமரான சேம்பர்லின் வேறு ஒருவர்.) பின்பு உதகமண்டலத்தில், ஊட்டி கிளப்பில், 1882-இல் இதன் விதிகள் எழுதி வைக்கப்பட்டன. இன்று உலகத் தொலைக்காட்சிகளில் காட்டப்படும் ஒரு விளையாட்டு நம் நீலகிரி மலையில் சட்டம் பெற்றது என்பது வியப்பல்லவா? இவ்வகை ஆட்டங்களில் ஒன்றான பில்லியர்ட்ஸில் 1958-இல் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பட்டம் வென்றார். அதை வென்ற முதல் இந்தியர் அவரே.

வெள்ளைப் பந்து ஏன் நிற்கிறது?

பூல் போட்டியில் நீங்கள் ஒரு வேடிக்கையைக் காணலாம். வேகமாகச் சறுக்கிச் சென்ற வெள்ளைப் பந்து இன்னொரு பந்தின் மேல் நேருக்கு நேர் மோதியதும், ஆணி அடித்தாற்போல அங்கேயே நின்றுவிடும். எண் பந்து ஓடிப் போகும். கேரம் ஸ்ட்ரைக்கர் அப்படி நிற்பதில்லையே, ஏன்?

இதற்கு விடை இரண்டு விதிகளில் உள்ளது. ஒன்று, உந்த அழிவின்மை விதி. நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது உந்தம். மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் மாறாது. மற்றொன்று, ஆற்றல் அழிவின்மை விதி. நன்கு மீளும் பொருள்கள் மோதினால், மோதலுக்கு முன்னிருந்த இயக்க ஆற்றல் பின்னரும் அநேகமாக அப்படியே இருக்கும். பூல் பந்துகள் இதற்கு மிக அருகில் வருகின்றன. நேர் மோதலில் அவை நெருங்கும் வேகத்தில் ஏறக்குறைய 95 சதவீத வேகத்தோடு விலகுகின்றன.

பூல் பந்துகளின் விட்டம் 57.15 மில்லிமீட்டர், நிறை 156 முதல் 170 கிராம் வரை. போட்டிகளில் வெள்ளைப் பந்தும் எண் பந்துகளும் சம நிறையுள்ளவை. மோதலுக்கு முன் வெள்ளைப் பந்தின் வேகம் ப என்க. மோதிய பின் அதன் வேகம் க. எண் பந்தின் வேகம் ச. நிறைகள் சமமாதலால்,

உந்த விதிப்படி: ப = க + ச
ஆற்றல் விதிப்படி: ப² = க² + ச²

முதல் சமன்பாட்டை வர்க்கப்படுத்தினால் ப² = க² + ச² + 2கச. இதை இரண்டாவதுடன் ஒப்பிட்டால் 2கச = 0. ஆகவே க, ச இரண்டில் ஒன்று சுழியாக வேண்டும். எண் பந்து அடிபட்டுவிட்டதால் ச சுழியாக முடியாது. ஆகவே க = 0. வெள்ளைப் பந்து நின்றுதான் ஆக வேண்டும்!

நேராக மோதாமல் ஓரத்தில் மோதினால்? அப்போது மூன்று வேகங்களும் ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்களாக அமையும். ப² = க² + ச² என்பதைப் பாருங்கள். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமேதான்! ஆகவே க, ச என்ற பக்கங்களுக்கு இடையே செங்கோணம். அதாவது, சுழற்சியில்லாமல் வரும் வெள்ளைப் பந்தும், அடிபட்ட பந்தும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 90 பாகையில் பிரிகின்றன. தேர்ந்த ஆட்டக்காரர் அடிப்பதற்கு முன்பே வெள்ளைப் பந்து எங்கே போகும் என்று சொல்லிவிடுவதன் இரகசியம் இதுவே.

உருளும் பந்தின் கதை வேறு

வெள்ளைப் பந்து சறுக்காமல் உருண்டு வந்து மோதினால் என்ன ஆகும்? நேர் மோதலில் அதன் முன்னோக்கிய வேகம் எண் பந்துக்குப் போய்விடும். ஆனால் அதன் சுழற்சி போகாது. பந்துகள் வழவழப்பானவை, தொட்டுக்கொள்ளும் நேரமும் மிகக் குறைவு. ஆகவே வெள்ளைப் பந்து கணநேரம் நின்ற இடத்திலேயே சுழலும். பிறகு மேசைத் துணியின் உராய்வு அதைப் பற்றி முன்னே தள்ளும். கணக்கிட்டால், அது தன் பழைய வேகத்தில் ஏழில் இரண்டு பங்கோடு மீண்டும் உருளத் தொடங்கும்.

பந்தின் மையத்துக்குக் கீழே கோலால் அடித்தால் அது பின்சுழற்சியோடு போகும். மோதிய பிறகு, அதே உராய்வு அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும். அடிக்கும் கோல் வழுக்காமல் இருக்க அதன் நுனியில் தோல் ஒட்டி, சாக்குப் பொடி தடவுவார்கள். தோல் நுனியை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பியவர் மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர். பில்லியர்ட்ஸ் பந்துகளின் இயக்கத்தைக் கணிதமாக எழுதி 1835-இல் நூலாக வெளியிட்டவரும் ஒரு பிரெஞ்சுக்காரரே. அவர் பெயர் கொரியோலிஸ். பூமியின் சுழற்சியால் காற்று திசை விலகும் விளைவு அவர் பெயராலேயே வழங்குகிறது.

பஞ்சும் கற்பூரமும்

இவ்வளவு நன்றாக மீளும் பந்தை எதனால் செய்தார்கள்? முன்பு யானைத் தந்தத்தால்! ஒரு தந்தத்திலிருந்து சில பந்துகளே கிடைக்கும். விளையாட்டுக்காக யானைகள் மடிந்தன. தந்தத்தின் விலையும் ஏறியது. 1860-களில் அமெரிக்காவில் ஒரு பில்லியர்ட்ஸ் நிறுவனம், தந்தத்துக்கு மாற்றுக் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று அறிவித்தது. ஜான் வெஸ்லி ஹையாட் என்பவர் இதில் முனைந்து, செல்லுலாய்டை உருவாக்கினார். அதன் மூலப்பொருள்கள் என்ன தெரியுமா? நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சும், கற்பூரமும்! நெசவுக்கும் கோயிலுக்கும் பேர் பெற்ற மதுரையில் இந்த இரண்டையும் அறியாதவர் உண்டா? இன்றைய பிளாஸ்டிக் தொழிலுக்கு அதுவே வழிகாட்டி. இப்போது போட்டிப் பந்துகள் ஃபீனாலிக் பிசின் என்னும் கடினமான பிளாஸ்டிக்கால் செய்யப்படுகின்றன. யானைக்கு அங்கே வேலையில்லை.

மீண்டும் செல்லூருக்கு

இனி நம் பையனின் ஸ்ட்ரைக்கரைப் பார்ப்போம். கேரம் காயின் நிறை 5 கிராமுக்குச் சற்று மேல். ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம். அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. பூல் பந்துகளுக்கும் கேரத்துக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுதான்.

15 கிராம் ஸ்ட்ரைக்கர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்து, 5 கிராம் காயை நேராக மோதுகிறது என்போம். இரண்டு விதிகளும் தரும் விடை: ஸ்ட்ரைக்கர் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் முன்னேறும், காய் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பாயும். சரிபார்த்துக்கொள்ளுங்கள். முன்பு உந்தம் 15 × 2 = 30. பின்பு 15 × 1 + 5 × 3 = 30. ஆற்றல் கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள். அதுவும் சரியாக வரும்.

ஆக, கேரம் ஸ்ட்ரைக்கர் நேர் அடியில் ஒருபோதும் நிற்காது. பாதி வேகத்தோடு காயைப் பின்தொடரும். ஓரத்தில் மோதினாலும் அதிகம் திரும்பாது. மூன்று மடங்கு நிறையுள்ள பொருள் ஏறக்குறைய 19½ பாகைக்கு மேல் தன் பாதையிலிருந்து விலக முடியாது என்று கணிதம் சொல்கிறது. பந்தைப் போல உருளாமல் தட்டையாகச் சறுக்குவதால், பின்சுழற்சி தந்து அதைத் திரும்ப வரவழைக்கவும் வழியில்லை.

அப்படியானால் அபராதத்தைத் தவிர்ப்பது எப்படி? உராய்வே நமக்குத் துணை. பலகையில் சறுக்கும் பொருள் நிற்பதற்கு முன் போகும் தூரம், அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, நிறையைப் பொறுத்ததல்ல. காயின் வேகம் ஸ்ட்ரைக்கரைப் போல மூன்று மடங்கு. ஆகவே அது போகக்கூடிய தூரம் ஒன்பது மடங்கு!

காய் தடையின்றி 2 மீட்டர் போகக்கூடிய வேகத்தில் அடித்தால், ஸ்ட்ரைக்கர் 22 சென்டிமீட்டர் போகும். குழி பத்து சென்டிமீட்டரில் இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் விழுவது உறுதி. காய் 30 சென்டிமீட்டர் மட்டுமே போகக்கூடிய வேகத்தில் தட்டினால்? அது தாராளமாகக் குழியை எட்டிவிடும். ஸ்ட்ரைக்கரோ மூன்று சென்டிமீட்டர் சென்றதும் நின்றுவிடும். உண்மையில் மோதலில் சிறிது ஆற்றல் ஒலியாகவும் வெப்பமாகவும் மாறிவிடுவதால் ஒன்பது மடங்கு என்பது சற்றுக் குறையும். ஆனால் முடிவு மாறாது. பெரியவர் சொன்ன “மெல்லத் தட்டு” என்பது உராய்வும் உந்தமும் சேர்ந்து சொல்லும் விதியே.

மழைக்காலத்தில் பலகையின் மரம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், உராய்வு கூடும். அன்று அதே தட்டுக் காயைக் குழிவரை கொண்டு போகாமல் போகலாம். போரிக் பவுடர் தூவுவது அந்த உராய்வைக் குறைக்கத்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

பவுடர் தூவிய பலகையில் ஒரு காயை வைத்து, இன்னொரு காயால் நேராகச் சுண்டுங்கள். சுண்டிய காய் ஏறக்குறைய நின்றுவிடும். இது பூல் பந்தின் விதி. அடுத்து, ஓரத்தில் படும்படி சுண்டி, இரண்டு காய்களும் பவுடரில் விட்ட தடங்களுக்கு இடையேயுள்ள கோணத்தைப் பாகைமானியால் அளந்து பாருங்கள். 90 பாகைக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். வீணான ஆற்றலே அந்தக் குறைவுக்குக் காரணம். கடைசியாக, காய்க்குப் பதிலாக ஸ்ட்ரைக்கரால் சுண்டி, மோதிய பின் இரண்டும் சென்ற தூரங்களை ஒப்பிடுங்கள். காய் சட்டத்தில் இடிக்காதபடி மெல்லச் சுண்ட வேண்டும்.

பூல் மேசைக்குக் கற்பலகை, கம்பளித் துணி, பெரிய அறை எல்லாம் வேண்டும். கேரத்துக்கு ஒரு பலகையும் ஒரு திண்ணையும் போதும். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. சென்னை வீரர் மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் உலகச் சாம்பியன் ஆனார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், சென்னை காசிமேட்டைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார்.

நம் செல்லூர்ப் பையனுக்கும் அடுத்த ஆட்டம் உண்டு. அதே குழி, அதே தூரம் அவனுக்குத் திரும்பவும் வாய்க்கும். இம்முறை அவன் மெல்லத் தட்டுவான் என்று நம்புவோம்.

சிந்திக்க: ஸ்ட்ரைக்கரின் நிறை காயைவிட இரண்டு மடங்கு மட்டும் இருந்தால், நேர் மோதலில் இரண்டின் வேகங்களும் என்னவாகும்? காய் போகும் தூரம் ஸ்ட்ரைக்கர் போகும் தூரத்தைப் போல எத்தனை மடங்கு? கணக்கிட்டுப் பாருங்கள். 16 என்று விடை வந்தால் உங்கள் கணக்குச் சரி.