சந்தைக்கு பேனர் வைக்கும் முன்: கம்பு நிற்கும் மண் யாருடையது?

விதைத் திருவிழா, மரபு அரிசி விற்பனை, மாதச் சந்தை என்று நாம் எதை ஏற்பாடு செய்தாலும் முதல் செலவு பேனர்தான். "ரோட்டோரமா நாலு பேனர் கட்டிட்டா போதும், சனம் தானா வரும்" என்று கூட்டத்தில் ஒருவராவது சொல்வார். இரண்டு சவுக்குக் கம்பு, ஒரு முழம் கயிறு, வேலை முடிஞ்சுது. அனுமதி வாங்கணுமே என்றால், "எல்லாரும்தானே வைக்கிறாங்க, நம்மள யாரு கேக்கப் போறாங்க?" என்ற பதில் வரும்.

2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். திருமண வாழ்த்துக்காக சாலை நடுவே அனுமதியின்றி வைத்திருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் மீது விழுந்தது. கீழே விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்தப் பெண் இறந்துபோனார். சென்னை உயர் நீதிமன்றம் அதிகாரிகளை அழைத்துக் கடுமையாகக் கேட்டது. குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. அதற்கு முன், 2018 டிசம்பரிலேயே டிஜிட்டல் பேனர்களுக்கு அதே நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்திருந்தது. பொதுநல வழக்குகளால் ஊரறிந்த டிராபிக் ராமசாமி இதற்காகப் பல வருடம் நீதிமன்றப் படி ஏறினார்.

வாழ்த்து பேனரோ, வரகரிசி பேனரோ, காற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். பிளக்ஸ் ஷீட்டுக்குள் காற்று புகுந்து வெளியேற வழி கிடையாது. அதனால் பாய்மரம் மாதிரி உப்பி, கம்போடு சாய்த்துவிடும்.

நான் வங்கியில் வேலை பார்த்தவன். கடன் மனு வந்தால் முதலில் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்போம், மற்றதெல்லாம் பிறகு. பேனர் விஷயத்திலும் அதையே முதல் கேள்வியாக வையுங்கள்: கம்பு ஊன்றும் மண் யாருடையது? இதற்குப் பதில் தெரிந்தால் யாரிடம் அனுமதி கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

எங்கள் நசரத்பேட்டையையே எடுத்துக்கொள்வோம். பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை அதைக் குறுக்கே கடக்கிறது. உள்ளே ஊராட்சித் தெருக்கள். கிழக்கே போனால் பூந்தமல்லி நகராட்சி. சின்ன வட்டாரத்துக்குள் இத்தனை சொந்தக்காரர்கள்.

தேசிய நெடுஞ்சாலை நிலத்தில் அனுமதியின்றி எதையும் வைப்பது 2002-ம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலை நிலம் மற்றும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஆக்கிரமிப்பு. அது தார் போட்ட இடத்தோடு முடிவதில்லை. ஓரத்துப் புல்தரையும் நெடுஞ்சாலை நிலமாக இருக்கலாம். மாநிலச் சாலைகளுக்கு 2001-ம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் இருக்கிறது. ஊராட்சித் தெரு 1994-ம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் வரும். நகராட்சி, மாநகராட்சி எல்லைக்கு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் விதிகளும். பொதுச் சுவரில் எழுதுவது, போஸ்டர் ஒட்டுவது பற்றி 1959-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

நம்ம பக்கம் நகரம் விரிந்துகொண்டே வருகிறது. உங்கள் இடம் இன்றைக்கு எந்த உள்ளாட்சியில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், கடைசியாகக் கட்டிய வீட்டு வரி ரசீதைப் பாருங்கள். அதில் இருக்கும் அலுவலகத்திலிருந்தே தொடங்கலாம்.

2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டி அருகே ராட்சத விளம்பரப் பலகைச் சட்டம் சரிந்து 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகு, நகர்ப்புறங்களில் உரிமம் இல்லாமல் பலகை வைத்தால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 25,000 ரூபாய் அபராதம் என்று அரசு எச்சரித்தது. நாலு மூட்டை தூயமல்லி விற்று வரும் காசை இதில் கொண்டுபோய்க் கட்ட முடியுமா?

மனு கொடுப்பது பெரிய வேலை இல்லை. டிஜிட்டல் பேனர்களுக்காக 2011-ல் வந்த விதிகள் 15 நாள் முன்பே மனு கொடுக்கச் சொன்னன. அந்தக் கணக்கை இப்போதும் வைத்துக்கொண்டால் அவசரம் இருக்காது. மனுவில் இவை இருக்கட்டும்:

1. நிகழ்ச்சியின் பெயர், நாள், நேரம், இடம்.
2. பேனர் நிற்கும் இடத்தின் சர்வே எண், கையால் வரைந்த சின்ன வரைபடம்.
3. எத்தனை பேனர், நீளம், அகலம், உயரம், துணியா பிளக்ஸா.
4. கட்டும் தேதி, அவிழ்க்கும் தேதி.
5. பொறுப்பாளர் ஒருவரின் பெயர், கைபேசி எண். "குழு சார்பாக" என்று மொட்டையாக எழுதாதீர்கள்.

நில உரிமையாளரின் சம்மதக் கடிதம், காவல் நிலையத்தின் தடையின்மைச் சான்று இரண்டையும் இணையுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை விழுந்தாலே அனுமதி கிடைத்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அது மனு பெற்றதற்கான அடையாளம் மட்டுமே. அனுமதி எழுத்தில் வர வேண்டும். வந்ததும் அனுமதி எண்ணையும் காலத்தையும் பேனரின் அடியில் அச்சிட வேண்டும். அதனால் எண் வரும் முன் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

அனுமதி இருந்தாலும் சில இடங்களை விட்டுவிடுங்கள். சாலை முனை, நடுத்திட்டு, நடைபாதை வேண்டாம். வண்டி ஓட்டுபவருக்கும் நடப்பவருக்கும் எதிரே வருவது தெரிய வேண்டும். மின்கம்பத்தில் கட்டவே கூடாது. மின்கம்பிக்குக் கீழே இரும்புக் குழாய் நிமிர்த்தவும் கூடாது. 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில் கொடிக்கம்பம் நட்ட 13 வயதுச் சிறுவன் மின்சாரம் பாய்ந்து இறந்தான். மரத்தில் ஆணி அடிப்பது பற்றி நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

பொருளையும் பார்ப்போம். பிளக்ஸ் என்பது பிவிசி பூசிய ஷீட். 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனர்களை ஒன்றிய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டது. பிளாஸ்டிக் கொடிகளுக்கும் தடை உண்டு. தடிமனான பிளக்ஸும் மக்காது. எரித்தால் டயாக்சின் போன்ற நச்சு வரும். பழைய பிளக்ஸில் நெல் காயவைப்பதைப் பல களங்களில் பார்க்கிறேன். மருந்தடிக்காமல் விளைவித்த நெல்லை அச்சு மை மேல் பரப்புவது என்ன நியாயம்?

காடாத் துணியில் பெயிண்டால் எழுதுங்கள். "இயற்கை விளைபொருள் சந்தை, ஞாயிறு காலை" என்று பெரிய எழுத்தில் ஒரு அம்புக்குறியோடு இருந்தால் போதும். தேதியைத் தனித் துண்டில் எழுதித் தைத்தால் அடுத்த மாதமும் அதே துணி உதவும். வரவேற்பவர்களின் படங்கள் எதற்கு? படத்தைப் பார்த்து யாரும் கேழ்வரகு வாங்குவதில்லை.

பட்டா நிலத்தில், வேலிக்கு உள்ளே, ஆள் உயரத்துக்கு மேல் போகாமல் கட்டினால் ஆபத்து பெருமளவு குறையும். நகர எல்லைக்குள் சொந்த நிலமாக இருந்தாலும் அனுமதி தேவையா என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சந்தை முடிந்த அன்று சாயங்காலமே அவிழ்த்து மடித்து வையுங்கள். யார் அவிழ்ப்பது என்பதைக் கட்டும்போதே முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கும் அது அங்கேயே தொங்கும்.