முதலாளி மாமா

யாழ்ப்பாணத்துத் தீவகத்துப் பிள்ளைகளுக்கு முதலாளி என்பவர் பெரும்பாலும் அந்நியராக இருந்ததில்லை. அவர் தாய்மாமனாக இருந்தார், பெரியப்பாவாக இருந்தார், இரத்த உறவு ஏதும் இல்லாவிடினும், ஒரே கோயிலில் தேர்வடம் பிடித்த ஊரவராகவாவது இருந்தார். கிணற்று நீர் பல இடங்களில் உவர்த்துப்போய், மாரி மழையை நம்பிய நெல்லும் பனையும் கடலும் அன்றி வேறு ஜீவனோபாயம் அரிதாக இருந்த புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு முதலிய ஊர்களிலிருந்து புறப்பட்டு, கொழும்பிலும் கண்டியிலும் பிற தென்னிலங்கைப் பட்டினங்களிலும் சுருட்டுக்கடையும் பலசரக்குக்கடையும் சாப்பாட்டுக்கடையும் வைத்து மேலோங்கிய வர்த்தகர்கள், திருவிழாவுக்கு ஊர் வந்து திரும்புகையில், பள்ளிக்கூடத்தை இடையிலே விட்ட ஒரு பெடியனைத் தம்மோடு கூட்டிச் செல்வது உபகாரமாகவே கருதப்பட்டது. உபகாரமாக இருந்ததும் உண்மைதான். எத்தனையோ குடும்பங்களின் கல்வீடும், அக்காமாரின் சீதனமும், தம்பிமாரின் படிப்பும் அந்தக் கடைகளிலிருந்தே வந்தன.

ஆயினும் அந்தப் பெடியனின் ஒரு நாளைச் சற்றே நினைத்துப் பார்க்கவேண்டும். விடியுமுன் எழுந்து, கடைவாசல் கூட்டி, தண்ணீர் தெளித்து, பலகைகளைக் கழற்றி வைத்து, சாமிபடத்துக்கு விளக்கேற்றியபின் நின்ற கால் நின்றபடியே இரவு வரை நிறுத்தும் கட்டியும் கொடுத்து, கணக்கு முடிந்து கடை சாத்தியதும் சாக்கு மூட்டைகளுக்கிடையே பாயை விரித்துப் படுப்பான். வேலை செய்யும் இடமும் உறங்கும் இடமும் உண்ணும் இடமும் ஒன்றேயாதலால், வேலைநேரம் எங்கே முடிகிறது என்று காட்டும் வாசற்படி அவனுக்கு இல்லை. சம்பளம் எவ்வளவு என்பதும் பேசப்படவில்லை. சொந்தத்துக்குள்ளே சம்பளம் பேசுவது மரியாதையன்று. “உன்ரை காசு என்னட்டைப் பத்திரமாக் கிடக்குது தம்பி, ஊருக்குப் போகேக்கை வாங்கிக்கொள்ளு” என்பதே ஒப்பந்தத்தின் முழு வாசகமும். உடைந்த போத்தலும், தீபாவளிக்கு எடுத்த சேட்டும், ரயில் டிக்கெட்டும் முதலாளியின் கொப்பியில் பற்றாக ஏறிக்கொண்டிருக்கும்; வரவுப் பக்கத்தில் என்ன ஏறுகிறது என்பது அவருக்கும் அவருடைய மனச்சாட்சிக்கும் மட்டுமே தெரியும்.

நல்ல முதலாளிகள் இருந்தனர். சில வருஷங்களில் பெடியனைக் கல்லாவில் இருத்தி, பின்னர் பங்காளியாக்கி, காலம் வந்ததும் தனிக்கடை போட உதவியவர்களை இன்றும் தீவார் பெயர் சொல்லி வாழ்த்துவர். குறை என்னவெனில், நல்லவர் வாய்ப்பதும் கெட்டவர் வாய்ப்பதும் அவனவன் ஜாதகமாக விடப்பட்டமையே. கெட்டவர் வாய்த்தவன் முறையிடவும் வழியில்லை. அவன் வாய் திறந்த செய்தி, அவனுக்கு முன்பாகவே படகேறி அவனுடைய தாயாரின் படலையடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். “மாமாவை எதிர்த்துக் கதைச்சியாம்” என்ற ஒரு வரி கடிதத்தில் வந்தால், அதற்குமேல் எந்தத் தொழிற்சங்கம் என்ன செய்யும்? அப்படிப்பட்ட மாமாமார் சிலர்தாம் ஊரில் அன்னதான உபயங்களுக்கு முன்னின்றார்கள் என்பதையும் சொல்லியே ஆகவேண்டும். மணிமேகலை அமுதசுரபி பெற்ற மணிபல்லவம் நயினாதீவே எனப் பலர் கொள்வர். அந்தப் புண்ணியபூமியில் ஆயிரம் பேருக்குச் சோறிட்ட கை, தன் கடைப்பெடியனின் கணக்கைத் தீர்க்கையில் நடுங்கியது விசித்திரந்தான்.

அந்நியனை யஜமானனாகக் கொண்டவனுக்கு இந்தச் சங்கடம் இருக்கவில்லை. 1947ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் அரசாங்க எழுதுவினைஞர்கள் வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துக் கொழும்பு வீதியில் இறங்கினார்கள். ஜூன் 5ஆம் திகதி பொலிசாரின் துப்பாக்கிக்குக் கந்தசாமி என்ற எழுதுவினைஞர் பலியானார். அந்த வேலைநிறுத்தத்தில் பங்குபற்றியமைக்காக அரசாங்க உத்தியோகத்தை இழந்த பாலா தம்பு, அடுத்த ஆண்டில் இலங்கை வர்த்தக ஊழியர் சங்கத்தின் செயலாளராகி, 2014இல் மறையும்வரை அந்தப் பொறுப்பிலேயே இருந்தார். கம்பெனிக் கந்தோர்களில் சங்கம் இருந்தது. அதே நகரத்துச் சாக்குமூட்டைப் படுக்கையில் மாமா மட்டுமே இருந்தார்.

சட்டம் இல்லாமலில்லை. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணியும் வாரத்துக்கு நாற்பத்தைந்து மணியுமே சாதாரண வேலைநேரம் என்றும், வாரந்தோறும் ஒன்றரை நாள் ஓய்வு என்றும் விதித்தது. 1958இல் ஊழியர் சேமலாப நிதி வந்தது; இன்றைக்கு அதில் ஊழியன் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். ஒரே ஒரு சிப்பந்தி நிற்கும் கடைக்கும் அது பொருந்தும். ஆனால் விசாரிக்க வந்த உத்தியோகத்தரிடம் “இவன் என்ரை மருமகன், சும்மா நிற்கிறான்” என்று சொல்லிவிட்டால், மருமகனுக்கு மணிக்கணக்கு ஏது, சேமலாபம் ஏது?

இந்த ஏற்பாட்டின் முழுக் கொடுமையும் விளங்கியது 1983 ஜூலையில். தமிழருக்கெதிரான கலவரம் மூண்ட அந்தச் சில நாள்களில் தமிழர் கடைகள் தீக்கிரையானபோது, முதலாளிகளுக்கு நேர்ந்த நஷ்டத்தை எல்லோரும் எழுதினார்கள், எழுதவும் வேண்டியதுதான். ஆனால் சம்பளத்தை முதலாளியிடமே “பத்திரமாக” விட்டுவைத்த சிப்பந்திக்கு, அந்தக் கொப்பி எரிந்ததோடு வாலிபம் முழுவதும் எரிந்தது. கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவனிடம் உடுத்த சாரம் இருந்தது. இத்தனை வருஷம் உழைத்தான் என்பதற்கு ஒரு கடுதாசித் துண்டு இல்லை. கடை எரிந்துபோன முதலாளியிடம் போய்க் கேட்கவும் யாருக்கு மனம் வரும்? சேமலாப நிதியில் பெயர் இருந்திருப்பின், அந்தப் பணம் மத்திய வங்கியின் பொறுப்பில் இருந்திருக்கும். கொழும்பு மெயின் வீதி எரிந்தாலும் அது எரிந்திராது.

இக்காலத்தில் தீவகத்து இளைஞர்கள் யாழ்ப்பாண நகரத்துச் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் லீசிங் கம்பெனிகளிலும் வேலைக்கு நிற்கிறார்கள். 2016இல் மாதம் 10,000 ரூபாவாகச் சட்டமாக்கப்பட்ட தேசிய ஆகக்குறைந்த சம்பளம், 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும், 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்ந்தது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடலில் ஒரு மணித்தியாலமளவு போய், அங்கிருந்து பஸ்ஸில் பட்டினம் சேரவேண்டியவன் தினமும் வந்து போவது இயலாத காரியம். நகரத்தில் அறை எடுத்துத் தங்கினால் வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவது வீட்டுக்கு அனுப்பக் காணாது. கடல் கடக்கவேண்டியவனுக்கும் கடைக்குப் பின்வீட்டில் இருப்பவனுக்கும் சட்டம் ஒரே தொகையைத்தான் வைத்திருக்கிறது. மாதமுடிவில் ‘டார்கெட்’ எட்டாதவனை மானேஜர் எல்லோர் முன்னிலையிலும் ஏசுகிறார். மறுநாட் காலைக் கூட்டத்தில் “நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்” என்றும் உபதேசிக்கிறார். பழைய முதலாளி உண்மையிலேயே மாமா. இவர் வேடத்தில் மட்டுமே மாமா.

கடையில் நிற்பது என்றதும் கடலுக்கு அப்பால் நடந்த இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சென்னைத் துணிக்கடைகளில் நாள் முழுவதும் உட்காராமல் நின்ற தென்மாவட்டத்துப் பிள்ளைகளின் துயரத்தை ‘அங்காடித் தெரு’ திரைப்படம் 2010இல் காட்டியது. ஊழியர் உட்கார ஆசனம் வைக்கவேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டசபை விதித்தது 2021இல். ஒரு முக்காலிக்குப் பதினொரு வருஷம்.

இலங்கையிலோ சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. நியமனக் கடிதம் தரவேண்டியது முதலாளியின் கடமை. தம் பங்கான 12 வீதத்தை அவர் ஊழியனின் சம்பளத்திலிருந்து வெட்டக்கூடாது. யாழ்ப்பாணத் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுக்கக் கட்டணமில்லை. வேலையிலிருந்து அநியாயமாக நிறுத்தினால் தொழில் நியாய சபை இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் தீவகத்துப் பெடியன்கள் அந்தப் படியேறத் தயங்குவதன் காரணத்தைக் கேட்டால், பலர் சட்டம் தெரியாது என்று சொல்வதில்லை. வேலைக்குச் சேர்த்துவிட்டவர் ஊரவர், அம்மாவுக்குப் போன் எடுத்துவிடுவார் என்றுதான் சொல்கிறார்கள்.