முத்தும் பல்லும் பீரும்

நம்ம ஊருக்கு முத்துநகர்னு பேர். சென்னைக்குப் போற ரயிலுக்கும் அதே பேர்தான். அழகான பல்லைப் பார்த்தா "முத்து மாதிரி இருக்கு"ன்னு சொல்றோம். கெமிஸ்ட்ரிப்படியும் இது ஓரளவு சரிதான். முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பல்லின் மேல் உறையான எனாமல், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமம். இரண்டுக்கும் பொது எதிரி அமிலம். பீச்ல பொறுக்குன சிப்பி ஓட்டை எலுமிச்சைச் சாறுல போட்டுப் பாருங்க, நுரைச்சுக் கரையும். எனாமல் அவ்வளவு வேகமா கரையாது, ஆனா கரையும்.

வாயின் பி.எச். சுமார் 5.5-க்குக் கீழே போனா எனாமல் கரைய ஆரம்பிக்குது. பீரின் பி.எச். பொதுவா 4 முதல் 4.5 வரை. பி.எச். லாக் ஸ்கேல் என்பதால், ஒரு பாயின்ட் குறைஞ்சாலே அமிலத்தன்மை 10 மடங்கு கூடும்.

"கோலா 2.5 தானே, அதுக்கு பீர் பரவாயில்லையே?" என்று கேட்கலாம். நம்பரை மட்டும் பார்த்தா சரி. ஆனா கோலாவை 5 நிமிஷத்துல குடிச்சு முடிச்சிடுவோம். 650 மில்லி பீர் பாட்டில், அரட்டையோட ஒன்றிரண்டு மணி நேரம் போகும். ஒவ்வொரு மடக்குக்கும் அமிலம் புதுசா வந்து சேருது. அதைச் சரிசெய்து, கால்சியத்தைத் திரும்பக் கொடுக்கிறது எச்சில். ஆல்கஹாலோ வாயை உலர வைக்குது. கூடவே பல் இடுக்கில் ஒட்டுற சிப்ஸும் மிக்சரும் பாக்டீரியாவுக்குத் தீனி. அதுவும் அமிலம் தயாரிக்கும். அப்படியே தூங்கிட்டா இன்னும் மோசம், தூக்கத்துல எச்சில் சுரப்பு ரொம்பக் குறைவு.

இன்னொரு பழக்கம், வாடை தெரியக் கூடாதுன்னு உடனே பல் துலக்குறது. அமிலத்துல இளகின எனாமலை பிரஷ் தேய்ச்சு எடுத்திடும். வாடையும் போகாது, ஏன்னா ரத்தத்துல கலந்த ஆல்கஹால் நுரையீரல் வழியா மூச்சுல வருது. போலீஸ் ஊதச் சொல்ற மெஷின் வேலை செய்றதும் அதனாலதான். முதலில் தண்ணீரால வாய் கொப்பளிச்சிட்டு, அரை மணி நேரமாவது கழிச்சு ஃப்ளூரைடு பேஸ்ட்டால துலக்குறது நல்லது.

பல்லால பாட்டில் மூடி திறக்கும் வீரர்களுக்கு மெட்டீரியல் சயின்ஸ்ல இருந்து ஒரு வரி: எனாமல் கடினமானது, ஆனா பிரிட்டில். வளையாது, விரிசல் விடும்.

பல்லோட மட்டும் முடியுற விஷயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மதுவை உறுதியான புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் வைத்திருக்கிறது. பீருக்கு அதுல விலக்கு இல்லை. கூட சிகரெட்டோ புகையிலையோ சேர்ந்தா வாய்ப் புற்றுநோய் அபாயம் பல மடங்கு. வாய்ப்புண் இரண்டு மூன்று வாரமாகியும் ஆறலைன்னா டாக்டரைப் பாருங்க.

தமிழ்நாட்டுல மது வாங்க 21 வயசு ஆகணும். நம்ம பேட்ச்ல பலருக்கு இந்த வருஷம்தான் 21. அதனால இதையும் தெரிஞ்சுக்குங்க: சிப்பி முத்து மேல அடுக்கடுக்காப் பூசிக்கிட்டே இருக்கும். எனாமலை உருவாக்கும் செல்கள், பல் முளைச்சு வெளியே வரும்போதே அழிஞ்சு போயிடும். லேசா இளகினதை எச்சிலும் ஃப்ளூரைடும் இறுக்கித் தரும், போனது போனதுதான். அரியர் வச்சா அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம் மக்கா, எனாமலுக்கு அரியர் எக்ஸாம் கிடையாது.