மெலிந்த குழந்தைக்குள் கொழுப்பு

பிறக்கும்போது எடை இரண்டே முக்கால் கிலோ. குச்சி குச்சியாகக் கை கால். இந்தக் குழந்தைக்குக் கொழுப்பு அதிகம் என்றால் யார் நம்புவார்கள்? புனே கே.இ.எம். மருத்துவமனையின் நீரிழிவு ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக் அதை அளந்தே காட்டினார்.

1993-இல் புனேக்கு அருகே ஆறு கிராமங்களில் அவரது குழு ஆய்வைத் தொடங்கியது. அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். இங்கிலாந்துக் குழந்தைகளின் சராசரி எடை 3.5 கிலோ, நம் குழந்தைகளுக்கு 2.7. தசை வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் தோள்பட்டைக்குக் கீழே தோலை மடித்து அளந்தபோது, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. வளரும் கருவுக்குச் சத்து பற்றாதபோது உடல் மூளையைக் காக்கிறது, தசையைக் கைவிடுகிறது, கொழுப்பை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பின்னாளில் வசதி வந்து சாப்பாடு கூடினால், சர்க்கரையை எரிக்கத் தசை போதாது. தொப்பையும் நீரிழிவும் சீக்கிரமே வந்துவிடுகின்றன.

அந்தக் கிராமத் தாய்மாரின் எடை கருவுறும் முன் சுமார் 42 கிலோதான். அப்படியானால் நிறையச் சாப்பிட்டிருந்தால் போதுமா? இல்லை. மொத்த உணவின் அளவைவிட, கர்ப்ப காலத்தில் பால், கீரை, பழம் சாப்பிட்டதற்கும் குழந்தையின் வளர்ச்சிக்கும்தான் தெளிவான தொடர்பு தெரிந்தது. அந்தத் தாய்மாரில் மூவரில் இருவருக்கு வைட்டமின் பி12 குறைவு. ஃபோலேட் (ஃபோலிக் அமிலச் சத்து) போதுமான அளவு இருந்தும் பி12 குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு, ஆறு வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

பி12 செடிகொடிகளில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. தாயிடம் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். ஆகவே பாலூட்டும் மாதங்களிலும் இந்த அக்கறை வேண்டும். 'பச்ச உடம்பு' என்று சொல்லி முட்டையையும் கீரையையும் ஒதுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. 'குழந்தை பெருத்தால் பிரசவம் கஷ்டம்' என்று பிள்ளைத்தாய்ச்சியின் சாப்பாட்டைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே தவறு.

உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், கொடுத்த ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்த வேண்டாம். கூடவே பி12 அளவைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சைவ உணவு மட்டுமே உண்பவர்கள் கட்டாயம் கேளுங்கள்.