பேரரசின் அஞ்சல் தலைவி

புனித ரோமானியப் பேரரசின் அஞ்சல் தலைவர் லியோனார்டு ஃபான் டாக்சிஸ் 1628-இல் இறந்தபோது, அந்தப் பொறுப்பு அவர் மனைவி அலெக்ஸாண்ட்ரினிடம் வந்தது. முப்பதாண்டுப் போர் ஐரோப்பாவைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம். அரச ஆணைகளும் தூதர்களின் மடல்களும் வணிகர்களின் கணக்குகளும் பிரஸ்ஸல்ஸில் இருந்த அவருடைய நிர்வாகத்தின் வழியே போயின. சில கடிதங்கள் அங்கே ரகசியமாகத் திறக்கப்பட்டு, படியெடுக்கப்பட்டு, மீண்டும் முத்திரையிடப்பட்டன. இத்தனை பெரிய அரசுப் பணி ஒரு பெண்ணின் கையில் இருந்ததற்குக் காரணம், அன்று பல பதவிகள் குடும்பத்தின் உடைமையாக இருந்ததுதான். டாக்சிஸ் குடும்பத்துக்கு அஞ்சல் தலைமை 1615-இல் பரம்பரை மானியமானது. 1621-இல் பெண்வழி வாரிசுரிமையும் சேர்ந்தது.

சிறுவனான மகனுக்காக இடத்தைக் காத்து வைத்தவர்தானே என்று கேட்கலாம். சட்டப்படி அது உண்மை. ஆனால் 1646 வரை, 18 ஆண்டுகள் அவர் தலைமை நீடித்தது. போர்முனை நகர நகர அஞ்சல் வழியை மாற்றுவதும், குதிரைக்கும் ஆளுக்கும் ஏற்பாடு செய்வதும் மகன் வளரும்வரை தள்ளிப்போடக்கூடிய வேலைகளா? இந்த வாய்ப்பு உயர்குடி விதவைக்குக் கிடைத்தது, ஏழைப் பெண்ணுக்கு அல்ல. அதையும் மறக்கக் கூடாது. ஆயினும் காலம் முன்னேற முன்னேறப் பெண்ணின் நிலையும் தானாக உயர்ந்தது என்ற எண்ணத்தை இந்த வரலாறு அசைக்கிறது. பின்னாளில் பதவி வீட்டைவிட்டுப் பிரிந்து, பட்டமும் தேர்வும் கேட்கும் அலுவலகமானபோது, பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்க்காத நாடுகளில் அந்த வாசலும் அடைபட்டது.